தையல்கார அக்கா பார்த்த முதுகு: ஒரு பக்கவளைவின் நிகழ்வு ஆய்வு

பிள்ளைக்கு அப்போது 12 வயது 5 மாதம். பெரிய மனுஷியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளி விடுமுறையில் மஞ்சள் நீராட்டு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ரவிக்கை தைக்க டவுனில் ஒரு தையல்கார அக்காவிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். தைத்ததைப் போட்டுப் பார்த்தால் முதுகின் வலப்பக்கம் துணி இழுத்துக்கொண்டு நின்றது, இடப்பக்கம் தொளதொளவென்று கிடந்தது. பிரித்துத் தைத்தார். அப்படியும் சரிவரவில்லை. மூன்றாம் முறை பிள்ளையின் அம்மாவைப் பின்பக்கம் வரச் சொல்லி, "என் கையில தப்பு இல்லக்கா, பாருங்க, பிள்ள முதுகே ஒரு பக்கம் தூக்கி இருக்கு" என்று காட்டியிருக்கிறார்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் என்ற இந்த நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நான் பிறகு வந்தவள்.

மலேசியாவின் தெலுக் இந்தானில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் குலை அறுத்து இடுப்பு பிடித்தவர்கள், மீதிப் பேர் தோட்டத்தில் வாழ்ந்து முடித்து டவுன் அடுக்குமாடிக்கு வந்துவிட்ட முதியவர்கள். இந்தப் பிள்ளையின் கதையை எழுத அம்மாவும் பிள்ளையும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்; முதுகைப் பற்றிய அளவுகளை மாற்றவில்லை.

வருவதற்கு முன் போன மூன்று மாதம்

ரவிக்கை சம்பவம் முடிந்ததும் அம்மா பிள்ளையை ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனார். சட்டைக்கு மேலேயே பார்த்துவிட்டு, உட்காரும் விதம் சரியில்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, உருவி விடுபவரிடம் எட்டு வாரம் போயிருக்கிறார்கள். உருவியதில் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. காலம்தான் போனது. வளரும் பிள்ளைக்கு அந்த மூன்று மாதம் சாதாரண மூன்று மாதம் இல்லை என்பது பின்னால் விளங்கும்.

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என் தவற்றையும் எழுதிவிடுகிறேன். இதே பிள்ளை அதற்கு ஓராண்டு முன்பு சிலம்பப் பயிற்சியில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டு என்னிடம் நான்கு முறை வந்திருக்கிறாள். ஒற்றைக் காலில் நிற்க வைத்தேன், நடக்க வைத்தேன், குதிக்க வைத்தேன். குனியச் சொல்லி முதுகைப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். கணுக்கால் சரியானது, அனுப்பிவிட்டேன்.

யார் கண்ணிலும் படாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் பெண்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எட்டு ஒன்பது வயதோடு நின்றுவிடுகிறது. அதன்பிறகு அவள் முதுகை அம்மாகூடப் பார்ப்பதில்லை. வளர்ச்சி வேகமெடுப்பது அதற்கடுத்த ஆண்டுகளில். இந்த வளைவு வருவதும் அப்போதுதான்.

பார்த்தது

முதல் நாள் அம்மாவோடு பாட்டியும் வந்திருந்தார். 71 வயது, இளமையெல்லாம் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், காண்டாக் கம்பில் இரு பக்கமும் பால் வாளி தொங்க நடந்த தலைமுறை. என்னை மிஸி (நர்ஸ்) என்றுதான் கூப்பிட்டார்; பிசியோ வேறு, மிஸி வேறு என்று விளக்க நான் முயலவில்லை.

"மிஸி, எந்நேரமும் போனும் கையுமா கோணிக்கிட்டே உக்காந்திருக்கும். சொன்னாக் கேக்காது. அதான் இப்படி ஆயிருச்சு."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று மாதமாக வீட்டில் இதையே கேட்டிருப்பாள் போலிருந்தது.

முதுகு தெரியும்படி கவுன் மாட்டி, சடையை முன்னால் போட்டு, வெறுங்காலோடு நிற்க வைத்தேன். வலத் தோள் இடத் தோளைவிட ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். வலத் தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்தி நின்றது. கைகளைத் தொங்கவிட்டபோது, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் சந்து இரு பக்கமும் ஒன்றாக இல்லை. அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, முழங்கால் மடங்காமல் முன்னால் குனியச் சொன்னேன். விலா வலப்பக்கம் மேடாக எழுந்தது, இடப்பக்கம் பள்ளமானது. முதுகின் சாய்வை அளக்கும் ஸ்கோலியோமீட்டர் 11 பாகை காட்டியது. 5 முதல் 7 பாகையைத் தாண்டினாலே எக்ஸ்ரே எடுப்பது வழக்கம்.

குனிய வைத்துப் பார்க்கும் இந்த முறைக்கு ஆடம்ஸ் சோதனை என்று பெயர். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-இல் இதை விவரித்தார். அதற்கு வழி திறந்தது ஒரு பிணப் பரிசோதனை. இகுவானடான் என்ற டைனோசரை உலகுக்கு அறிமுகப்படுத்திய கிடியன் மான்டெல் 1852-இல் இறந்தபோது அவர் உடலை அறுத்துப் பார்த்தவர் ஆடம்ஸ். வாழ்நாளில் மான்டெலின் முதுகில் இருந்த மேட்டைக் கட்டி என்றே மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். அது முதுகெலும்பு திருகியதால் எழுந்த மேடு. நிமிர்ந்து நின்றால் ஒளிந்துகொள்ளும் திருகல், குனிந்தால் வெளியே வந்துவிடும். 150 ஆண்டுக்கு மேலாகியும் இதைவிட மலிவான சோதனை வரவில்லை.

எக்ஸ்ரே முதுகுப்பக்கமிருந்து எடுக்கச் சொன்னேன். முன்னாலிருந்து எடுத்தால் மார்பகத்தில் கதிர்வீச்சு கூடுதலாகப் படும். அடுத்தடுத்துப் படம் எடுக்க வேண்டிய பெண்பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. மார்புப் பகுதியின் 6-ஆம் முள்ளெலும்பு முதல் 12-ஆவது வரை வலப்பக்கம் 31 பாகை வளைவு. அதை ஈடுகட்ட இடுப்புப் பகுதியில் இடப்பக்கம் 19 பாகை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வளர்ச்சி எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டும் ரிஸ்ஸர் அடையாளம் 0. அதாவது வளர்ச்சி நிறைய மிச்சமிருக்கிறது.

எக்ஸ்ரேயில் சொல்லும் பாகை எங்கிருந்து வருகிறது என்றால், வளைவின் மேல்முனையில் மிகச் சாய்ந்த எலும்பின் மேல்தளத்திலும் கீழ்முனையில் மிகச் சாய்ந்த எலும்பின் கீழ்த்தளத்திலும் கோடு போட்டு, இரண்டும் சந்திக்கும் கோணத்தை அளக்கிறார்கள். 1948-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் காப் வகுத்தது. 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் 5 பாகை வரை வித்தியாசம் வரலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாய்ந்த கோபுரமும் திருகிய முதுகும்

எங்கள் ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் சாய்ந்த கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 1885-இல் கட்டியது, உள்ளே தண்ணீர்த் தொட்டி. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே மூன்றுதான். அடிமண் இளகிச் சாய்ந்துவிட்டது. பிள்ளையின் அம்மா முதல் நாளே கேட்டார்: "நம்ம மணிக்கூண்டு மாதிரிதானே மிஸ், ஒரு பக்கம் சாஞ்சிருக்கு?"

இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி, ஏனென்றால் அப்படிச் சாய்கிற முதுகுகளும் உண்டு. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தால் இடுப்பு சாயும், முதுகு அதைச் சரிக்கட்ட வளையும். குட்டைக் காலுக்கு அடியில் பலகை வைத்தாலோ, ஆளை உட்கார வைத்தாலோ வளைவு மறைந்துவிடும். கோபுரத்தைப்போல அடித்தளத்தில்தான் கோளாறு. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும்போது வலிக்குப் பயந்து ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதும் இந்த இனம்தான். குலை அறுக்கும் ஆட்களில் மாதம் ஒருவரையாவது அப்படிப் பார்க்கிறேன். வலி தணிந்தால் நிமிர்ந்துவிடுவார்கள். இதிலெல்லாம் எலும்பு திருகுவதில்லை.

இந்தப் பிள்ளையின் கால்கள் இரண்டும் சம நீளம். உட்கார்ந்தாலும் குனிந்தாலும் மேடு போகவில்லை. ஒவ்வொரு முள்ளெலும்பும் பக்கவாட்டில் நகர்ந்ததோடு தன்னைத்தானே சுற்றியும் திரும்பியிருந்தது, ஈரத் துணியைப் பிழியும்போது முறுக்குவதுபோல. விலா எலும்பு அந்த முள்ளெலும்போடு ஒட்டியது. அது திரும்பினால் இதுவும் திரும்பிப் பின்னால் துருத்தும். தையல்கார அக்காவின் துணியை இழுத்தது அந்த விலா.

ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் கூனுக்குப் பெயர் உண்டு, கதையும் உண்டு. பாட்டிகூட, "சம்பந்தர் பாடினதும் கூன் பாண்டியன் நிமிரலியா?" என்று கேட்டார். பக்கவாட்டில் வளைவதற்கு அன்றாடப் பேச்சில் ஒரு சொல் கிடையாது, கோணல் என்கிறோம். கோணல் என்றாலே ஒழுங்கில்லாமை, பிள்ளையின் குற்றம் என்ற தொனி வந்துவிடுகிறது. இந்தப் பிள்ளையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முதுகு கூனியிருக்கவில்லை. இயல்பாக மேல்முதுகு 20 முதல் 45 பாகை வரை பின்னால் வளைந்திருக்கும். அவளுக்கு அது தட்டையாகியிருந்தது. இந்த வகை ஸ்கோலியோசிஸில் பலருக்கும் அப்படித்தான். கூனிக் கூனி உட்கார்ந்து வந்தது என்று சொல்ல முகாந்திரமே இல்லை.

எது இல்லை என்று பார்த்தது

ஸ்கோலியோசிஸ் என்பது ஒரு தோற்றத்தின் பெயர். உள்ளே காரணம் பலவாக இருக்கும். அதைத் தேடாமல், முதுகைப் பிடித்து வைக்கும் பிரேஸ் என்ற கூட்டை மாட்டிவிடக் கூடாது.

கருவிலேயே முள்ளெலும்பு பாதியாக உருவாகியிருக்கலாம், இரண்டு எலும்பு ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது பிறவி வளைவு. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் நேர்வதால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்திலும் இதயத்திலும் குறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவள் படத்தில் எலும்புகள் முழுமையாக இருந்தன. பெருமூளை வாதம், டுஷென் தசைச்சிதைவு, இளம்பிள்ளை வாதம் போன்றவற்றில் தசை தாங்காமல் முதுகு நீளமாக ஒரே வளைவாகச் சரியும். சிலம்பம் சுற்றும் பிள்ளையிடம் அதற்கு இடமில்லை. தோலில் பால்காப்பி நிறப் புள்ளிகள் பல இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணு நோயாக இருக்கலாம். கைகால் விரல்கள் மிக நீண்டு, இரு கை விரித்த அகலம் உயரத்தைத் தாண்டினால் மார்ஃபான் என்ற மரபணு நோயாக இருக்கலாம். இரண்டும் இல்லை. இடுப்புக்கு மேல் முதுகின் நடுவில் மயிர்க்கற்றையோ குழியோ இல்லை. பாதம் வில்போல வளைந்திருக்கவில்லை. வயிற்றுத் தோலைக் கீறினால் தொப்புள் இரு பக்கமும் ஒன்றுபோல இழுத்தது. இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் போனால் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி இருக்கலாம், எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும். மார்பு வளைவு இடப்பக்கம் திரும்பியிருந்தாலும், இரவில் எழுப்பிவிடும் வலி இருந்தாலும் எடுக்க வேண்டும். இவளுக்கு வளைவு வலப்பக்கம், வலி இல்லை. வலி இல்லாததால்தான் யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு கதை.

எல்லாம் கழித்தபின் மிஞ்சியது பருவ வயதுக் காரணமறியா ஸ்கோலியோசிஸ். மொத்த ஸ்கோலியோசிஸில் ஐந்தில் நான்கு பங்கு காரணமறியாததுதான். மூன்று வயதுக்குள் வருவது, நான்கு முதல் ஒன்பது வரை வருவது, 10-க்கு மேல் வருவது என்று அதைப் பிரிப்பார்கள். 10-க்கு மேல்தான் மிக அதிகம். 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு 10 பாகைக்கு மேல் வளைவு இருக்கும். சின்ன வளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறையச் சமம். 30 பாகையைத் தாண்டியவர்களில் பெண்களே பல மடங்கு அதிகம்.

காரணமறியாதது என்றால் ஒன்றுமே தெரியாது என்று பொருள் இல்லை. குடும்பத்தில் வரும். 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எல்.பி.எக்ஸ்.1 என்ற மரபணுவுக்கு அருகில் ஒரு தொடர்பைக் கண்டார்கள். அதன்பின் வேறு சிலவும் கிடைத்தன. எந்திரவியலாகவும் ஓரளவு புரிகிறது. முள்ளெலும்பின் முன்பகுதி பின்பகுதியைவிட வேகமாக வளர்ந்தால், முன்னால் மிச்சமான நீளம் எங்காவது போயாக வேண்டும். பக்கவாட்டில் திரும்பி நெளிகிறது. அறுத்துப் போட்ட செம்பனை மட்டை காய்ந்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. நெளிந்தபின் குழிந்த பக்கத்தில் அழுத்தம் கூடும். அழுத்தப்பட்ட வளர்தகடு மெதுவாக வளரும், எதிர்ப்பக்கம் வேகமாக வளரும். எலும்பு ஆப்புபோல ஆகும், வளைவு கூடும், அழுத்தமும் கூடும். வளர்ச்சிதான் இதற்குத் தீனி. அதனால்தான் அந்த மூன்று மாதம்.

பள்ளிப்பை காரணமா? அம்மா கேட்டார். பாரமான பை முதுகு வலி தரும், இந்த வளைவைத் தராது. வலக்கையால் சிலம்பம் சுற்றியதா? இல்லை. கடைசியில் பாட்டி மெதுவாக ஒன்று கேட்டார். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா வேலைக்குப் போய்விட, ஏணையில் போட்டு ஆட்டியது அவர்தான். துணி ஏணையில் முதுகு வளைந்தே கிடந்ததே, அதனால் இருக்குமா? பேத்தியைத் திட்டியதற்கெல்லாம் அடியில் இந்தப் பயம் இருந்திருக்கிறது. "ஏணையில வளர்ந்தவங்க எல்லாருக்கும் வரணும்னா பாட்டி, இந்த ஊர்ல நேரா ஒருத்தரும் இருக்க மாட்டோம், நான் உள்பட" என்றேன். சிரித்தார். அன்று முதல் அவர் பேத்தியைக் கோணி உட்காராதே என்று சொன்னதாக எனக்குப் புகார் வரவில்லை.

பாட்டியின் கூன்

கேட்க வந்தது பேத்திக்காக. ஆனால் என் கண் பாட்டியின் மீதும் இருந்தது. பத்தாண்டில் உயரம் குறைந்திருக்கிறது, சேலை தரையில் இழுபடுகிறது என்று அவரே சொன்னார். காண்டா தூக்கித் தூக்கி வந்த கூன் என்பது குடும்பத்தின் முடிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காண்டா சுமந்த காலத்தில் அவர் நிமிர்ந்துதான் நடந்திருக்கிறார். நான்கைந்து ஆண்டுக்கு முன் வாளித் தண்ணீரைத் தூக்கும்போது முதுகில் சுருக்கென்று ஒரு வலி, ஒரு மாதம் படுக்கை, அப்புறம் சரியாகிவிட்டது என்றார். எக்ஸ்ரேயில் மூன்று முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பாகியிருந்தன. எலும்புத் தேய்வில் வரும் அமுக்க முறிவு. பெரும்பாலானவர்கள் இதை வயதானால் வரும் கூன் என்று விட்டுவிடுவார்கள். ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு அதிகம், அடுத்தது இடுப்பாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் அனுப்பி மருந்து தொடங்கியாயிற்று. கூன் நிமிரவில்லை, புதிய முறிவும் வரவில்லை.

கூனைப் பார்த்தால் அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பாட்டியுடையது உருண்டையான கூன். முதுகின் ஓரிடத்தில் மட்டும் முளைபோலக் கூராகத் துருத்தினால் வேறு சந்தேகம் வர வேண்டும்: முதுகெலும்பில் காசநோய். 1779-இல் பெர்சிவல் பாட் எழுதிய காலத்திலிருந்து அவர் பெயரால் அறியப்படும் நோய். பழைய நோய் என்று நினைக்க வேண்டாம், மலேசியாவில் இன்றும் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் காசநோய் பதிவாகிறது. பதின்ம வயதுப் பையன் ஒருவன் கூனி நின்று, நிமிரச் சொன்னாலும் முழுதாக நிமிர முடியாவிட்டால் ஷொயர்மன் நோயாக இருக்கலாம். டென்மார்க்கின் ஹோல்கர் ஷொயர்மன் 1920-களின் தொடக்கத்தில் விவரித்தது, அடுத்தடுத்த மூன்று எலும்பாவது 5 பாகைக்குக் குறையாமல் ஆப்பாகியிருக்கும். நிமிரச் சொன்னால் நிமிர்ந்துவிடுபவனுக்கு நோய் இல்லை, சோம்பல்தான். இடுப்பு அளவுக்கு மீறி முன்னால் வளைவது, லார்டோசிஸ், பெரும்பாலும் வேறொன்றின் நிழல்: தொடை முன்தசை இறுகியது, வயிறு பெருத்தது, அல்லது ஒரு முள்ளெலும்பு கீழெலும்பின் மேல் முன்னால் வழுக்கியது.

பிரேஸ்

ஈப்போவில் எலும்பியல் நிபுணரைப் பார்த்தபோது பிள்ளைக்கு 12 வயது 11 மாதம். வளைவு 34 பாகை. முன்பு சொன்ன 5 பாகைப் பிழைக்குள் அடங்குவதால் கூடிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை. 20 முதல் 29 பாகை வளைவே ரிஸ்ஸர் 0 அல்லது 1-இல் இருந்தால் நூற்றுக்கு 68 பேருக்குக் கூடும் என்று 1984-இல் லான்ஸ்டைன், கார்ல்சன் இருவரும் காட்டியிருக்கிறார்கள். இவள் அதையும் தாண்டியவள். 45, 50 பாகைக்கு மேல் போனால் அறுவை. அந்த அளவு மார்பு வளைவு வளர்ச்சி நின்றபின்பும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை கூடிக்கொண்டே போகும்.

அளவெடுத்து ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கூடு செய்தார்கள். வலப்பக்க மேட்டில் மெத்தை அழுத்தும், இடப்பக்கம் மூச்சு விரிய இடம் விட்டிருக்கும். தாடைவரை இரும்புக் கம்பி ஏறிய மில்வாக்கி பிரேஸ் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவோ மேல். மாட்டிக்கொண்டு எடுத்த படத்தில் வளைவு 18 பாகை. விலை சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). குலை லாரி ஓட்டும் அப்பா எங்கெங்கோ கேட்டுப் புரட்டினார். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதலாம் படிவத்தில் பாஜு குரோங் சீருடை. தொளதொளவென்ற அந்த உடைக்குள் பிரேஸ் வெளியே தெரியாது. இதில் மட்டும் அதிர்ஷ்டம். உள்ளே தையலில்லாத பருத்தி பனியன், ஒரு நாளைக்கு மூன்று. எங்கள் ஊர் வெயிலுக்கு மூன்றும் போதாது.

ஆறு மாதம் கழித்து, 13 வயது 7 மாதத்தில், 37 பாகை. அம்மா முகம் விழுந்துவிட்டது. தினமும் 18 மணி நேரம் போட்டதாக நோட்டில் எழுதியிருந்தாள். நான் பிரேஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதம் தினம் இழுத்துக் கட்டிய ஒட்டுப்பட்டையில் நூல் பிசிறும் பஞ்சும் ஏறி மங்கியிருக்க வேண்டும். இது புதிதுபோல இருந்தது. மெத்தை அழுத்தும் இடத்தில் தோலும் நிறம் மாறவில்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உண்மையா எத்தனை மணி நேரம்மா?" என்று கேட்டேன்.

"ராத்திரி மட்டும் மிஸ். அதுவும் அம்மா தூங்கினதும் கழட்டிடுவேன்."

வகுப்பில் பக்கத்துப் பிள்ளை தோளில் கைபோட்டபோது கையில் கெட்டியாகத் தட்டுப்பட்டிருக்கிறது. "உன் சட்டைக்குள்ள என்ன?" அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் பள்ளிக் கழிப்பறையில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாளாம்.

இங்கே ஒரு ஆய்வு கைகொடுத்தது. 2013-இல் வெளியான பிரேஸ் சோதனையில், பிரேஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு 50 பாகையைத் தொடாமலே வளர்ச்சி முடிந்தது. சும்மா பார்த்திருந்தவர்களில் 48 பேருக்குத்தான். இதில் எனக்கு முக்கியமாகப்பட்டது, பிரேஸுக்குள் வெப்பமானி வைத்து உண்மையில் போட்ட நேரத்தை அளந்தது. சராசரி 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் நூற்றுக்கு 90 முதல் 93 பேர் வரை தப்பித்தார்கள். 48 என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும்: பிரேஸ் இல்லாமலே பாதிப் பேர் தப்பிக்கிறார்கள். எல்லாருக்கும் இதை மாட்டிவிடும் ஆர்வத்துக்கு அது ஒரு கடிவாளம்.

நிபுணரிடம் பேசினேன். எழுத்தில் 18 மணி நேரம், நடப்பில் ஐந்து என்பதைவிட, நடப்பில் 13 என்பதே நல்லது என்று நிபுணர், பிள்ளை, நான் மூவரும் ஒப்புக்கொண்டோம். பள்ளிக்குப் பிரேஸ் வேண்டாம். சிலம்பத்துக்கும் வேண்டாம். மாலை 5 மணிக்குப் போட்டால் காலை 6.30-க்குக் கழற்றலாம், பதின்மூன்றரை மணி நேரம். இதில் குறைக்கக் கூடாது. நோட்டில் எழுதும் பொறுப்பைப் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். எழுதத் தெரியாததால் நாட்காட்டியில் கோடு போடுவார்: கட்டினால் ஒரு கோடு, கழற்றினால் ஒரு கோடு. அந்த நாட்காட்டிகள் என்னிடம் இருக்கின்றன.

பயிற்சியும் கொடுத்தேன். ஜெர்மனியில் காத்தரீனா ஷ்ரோத் தன் சொந்த முதுகை வைத்து உருவாக்கிய முறை: குழிந்த பக்கத்துக்குள் மூச்சை இழுத்து விரித்து, திருகலுக்கு எதிராக உடலை நீட்டிப் பிடிப்பது. இதற்கான சான்று பிரேஸ் அளவுக்குப் பலமானதல்ல. இருந்தாலும் பிரேஸுக்குள் முதுகுத் தசை சோம்பிப்போகாமல் இருக்கவும், தன் முதுகு தன் கையில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றவும் அது உதவியது.

தங்கைக்கு அப்போது பத்து வயது. அவளையும் குனிய வைத்துப் பார்த்தேன், 4 பாகை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன், இன்றுவரை ஏறவில்லை.

14 வயது 1 மாதத்தில் 36 பாகை. 14 வயது 9 மாதத்தில் 35, ரிஸ்ஸர் 4, ஆறு மாதமாக உயரம் ஏறவில்லை. மெல்ல மெல்லப் பிரேஸை விட்டு, 15 வயது 2 மாதத்தில் முழுதாக நிறுத்தினோம். கடைசிப் படம் 36. தொடங்கிய 34-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அளவுப் பிழைக்குள் அடங்கும். வளைவு போகவில்லை, பிரேஸ் அதற்கானதும் அல்ல, மேலே ஏறாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இன்னும் சில ஆண்டு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் குனிய வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பல ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2004-இல் வேண்டாம் என்றது, 2018-இல் இருக்கிற சான்று போதவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. சின்ன வளைவுகளைக் கண்டுபிடித்துத் தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுப்பதும் பயமுறுத்துவதும் நடக்கும் என்பது உண்மைதான். நான் இப்போது செய்வது ஒன்றுதான். 10 முதல் 14 வயதுப் பிள்ளை எந்தச் சுளுக்கோடு வந்தாலும் குனியச் சொல்லி அரை நிமிடம் பார்க்கிறேன். தையல்கார அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். ஒருத்திக்கு ஒன்றும் இல்லை, இன்னொருத்திக்கு 14 பாகை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன தீபாவளிக்கு ரவிக்கை தைக்கப் பிள்ளை அவரிடம்தான் போயிருக்கிறாள். அக்கா அவளுடைய பழைய அளவுச் சீட்டை எடுத்து வைத்து, நாடாவால் வலத் தோளிலிருந்து இடுப்புவரை அளந்திருக்கிறார், பிறகு இடத்தோளிலிருந்து. "அதே அரை இன்ச்சுதான், ஏறலை" என்று சொல்லிவிட்டு, வலப்பக்கத் துணியை அரை இன்ச் கூடுதலாக விட்டு வெட்டினாராம். முதல் தடவையிலேயே பொருந்திவிட்டது.